கொடைக்கானல்ல டென்ட் போடப்போறீங்களா, சாப்பாட்டுக்கு இப்படி பண்ணுங்க

முதல் நாள் சமைக்கவே வேணாம், வீட்லயே நல்லெண்ணெய் தாராளமா விட்டு புளியோதரை கிளறி, நல்லா ஆறினப்புறம் கட்டுங்க, ராத்திரி வரைக்கும் தாங்கும். தேங்காய் சட்னி மட்டும் வேணாம், ஊசிப்போயிடும்.

மறுநாளைக்கு வெண்பொங்கல். 4 பேருக்கு 2 டம்ளர் பச்சரிசி, 1 டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், உப்பு எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டிடுங்க, அங்க போய் தண்ணி ஊத்துனா போதும். வெயிட்டுன்னு பாக்காம குக்கர் எடுத்துக்கோங்க, 2,100 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், சாதா பாத்திரத்துல அரிசி லேசுல வேகாது (போன தடவை நறுக்கு நறுக்குன்னு இருந்த சோத்த மென்னுட்டுத்தான் படுத்தோம்).

டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்காதீங்க, மிச்ச சோத்த வெளிய போடாதீங்க, காட்டுமாடு வந்து நிக்கும்.