கன்னியாகுமரிக்கு முந்தைய 85 கிலோமீட்டர்: கோடையில் தனியாக மிதிவண்டி ஓட்டுபவர்கள் கடைசி நாளில் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான ஏறத்தாழ 700 கிலோமீட்டரை அக்னி நட்சத்திர வெயிலில் தனியாக மிதிவண்டியில் கடப்பவர்கள், திண்டிவனத்திலும் திருச்சியிலும் கடைப்பிடித்த கவனத்தைத் திருநெல்வேலி வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். இன்னும் 85 கிலோமீட்டர்தான் என்ற எண்ணம் வந்தபின் உடல் சொல்வதை விட்டுவிட்டு மைல்கல் சொல்வதையே கேட்கத் தொடங்குகிறோம். நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி நாளில் நேர்ந்தவையே.

முதல் தவறு, தூரம் குறைவு என்று தாமதமாகப் புறப்படுவது. முந்தைய நாட்களில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பியவர், அன்று மட்டும் 7 மணி வரை தூங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் புறப்படுவார். உச்சி வெயில் அவரை நாங்குநேரிக்கும் பணகுடிக்கும் இடையே திறந்த வெளியில் பிடித்துக்கொள்ளும். அன்றிரவு ரயிலுக்கே பயணச்சீட்டும் எடுத்திருந்தால் எங்கும் ஒதுங்கி நிற்க மனம் வராது. திரும்பும் ரயிலை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதையும், 11 மணி முதல் 3.30 வரை வண்டி ஓட்டாமல் இருப்பதையும் நான் கட்டாய விதியாகவே சொல்வேன்.

இதைவிட ஆபத்தானது, தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அந்த உப்பை ஈடுசெய்யாமல் லிட்டர் கணக்கில் தண்ணீர் மட்டும் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வருகின்றன. பலர் இதையும் நீரிழப்பு என்றே எண்ணி மேலும் தண்ணீர் குடிக்கிறார்கள். உப்புப் போட்ட மோரும், அளவாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலும் கூடவே இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் முழுவதும் கொட்டிக் கரைப்பது நன்மை செய்யாது, வயிற்றைத்தான் கெடுக்கும்.

வள்ளியூருக்குச் சற்று முன்பு, சாலையோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்த பெரியவர் ஒருவரிடம் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். மீதியாக வந்த பத்து ரூபாய்த் தாள்களை இரண்டு முறை எண்ணியும் எத்தனை என்று எனக்குப் பிடிபடவில்லை. “தம்பி, வண்டியச் சாத்திட்டு நெழல்ல உக்காருங்க, மொகம் சரியில்ல” என்றார் அவர். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கு என்று நம்பியிருந்தேன். கடும் உழைப்பின்போது வியர்த்துக்கொண்டிருக்கும் போதே அது தாக்கக்கூடும், அறிவு தடுமாறுவதே முக்கியமான அறிகுறி. தனியாகப் போகிறவருக்கு அதைக் கவனித்துச் சொல்ல உடன் ஆள் இல்லை. எனவே ஒவ்வொரு 20 கிலோமீட்டருக்கும் வீட்டில் ஒருவரை அழைத்து அடுத்த ஊரின் பெயரைச் சொல்லும் ஏற்பாடு தேவை. பேச்சு குழறினால் அவர் நிறுத்தச் சொல்ல வேண்டும், நாமும் மறுக்காமல் நிறுத்த வேண்டும். உடல் கொதித்து அறிவு தடுமாறினால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லுங்கள்.

புறவழிச்சாலையை விட்டு இறங்க மறுப்பதும் தவறுதான். சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்கள் போய்விட்டன. நிழலும் கடையும் ஊருக்குள் செல்லும் பழைய சாலையில்தான் இருக்கின்றன. சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் பகுதியிலேயே இதை உணர்ந்திருப்பீர்கள். இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் ஊருக்குள் போய் வருவதே நல்லது.

பணகுடியைத் தாண்டியதும் காற்றாலைகள் தென்படும். அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, மே மாதக் கடைசியில் மிகவும் வலுத்துவிடும். தெற்கு நோக்கிச் செல்பவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிப்பதால், அறியாமலேயே வலப்புறம் சாய்ந்து ஓட்டுவோம். ஒரு லாரி நம்மைக் கடக்கும்போது காற்று சட்டென்று தடைபட, சாய்ந்திருந்த உடல் லாரியின் பக்கமே இழுபடும். அது கடந்துபோனதும் காற்று மீண்டும் அறைந்து சாலையோர மண்ணுக்குத் தள்ளும். எதிர்க்காற்றைப் போல இதையும் மூச்சைப் பிடித்து வேகமாக மிதித்து வென்றுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பற்றி, பெரிய வண்டி பின்னால் வரும் ஓசை கேட்டதும் ஓரமாக நின்றுவிடலாம். கேரியரின் இருபுறமும் பெரிய பைகள் தொங்கினால் தள்ளாட்டம் இன்னும் கூடும்.

கடல் கண்ணில் பட்டதும் வண்டியைச் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவது பலருக்கும் வழக்கம். பல மணி நேரம் மிதித்த கால்கள் திடீரென்று அசைவற்றுப் போனால் இரத்தம் அங்கேயே தேங்கித் தலைசுற்றல் வரும்; பத்து நிமிடமாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த பிறகு உட்காருங்கள். களைத்த கால்களோடு உடனே கடலில் இறங்கவும் வேண்டாம், முனைப் பகுதி பாறைகள் நிறைந்தது, அலையின் இழுப்பும் வலுவானது. அன்று விடுதியில் குளித்து, கஞ்சியோ மோர்ச்சோறோ சாப்பிட்டு உறங்கிவிட்டு, மறுநாள் காலையில் கடலுக்குப் போகலாம்.