செவன் வகை இலகு காரை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பராமரிப்பதும் கூம்பு ஓட்டத்துக்கு ஒழுங்குபடுத்துவதும்

லோட்டஸ் செவன் 1957இல் வந்தது. 1973இல் அதைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாமிடம் போனது. அதன் அமைப்பைப் பின்பற்றி வீட்டுக் கராச்சுகளில் கட்டப்பட்ட வண்டிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் சட்டகம், மேலே றிவெற் அடித்த அலுமினியத் தகடு, முன்னே எஞ்சின், பின்சில்லில் உந்தல், இரண்டு இருக்கை. மொத்த எடை பெரும்பாலும் 450 முதல் 600 கிலோ. கூம்பு ஓட்டம் என்பது திடலில் வைத்த கூம்புகளுக்கிடையே ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓடுவது.

இந்த வண்டியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த எடைதான். 1000 கிலோ காருக்குப் பழகிய கை வைக்கும் காத்து அளவும் பிறேக் பட்டையும் ஸ்பிறிங்கும் இதற்குப் பொருந்தாது. ஆகவே முதல் காசை எஞ்சினில் போடாதீர்கள். ரயர், சில்லுக் கோணம், நான்கு மூலை எடை (ஒவ்வொரு சில்லும் தாங்கும் பாரம்), பிறேக். இந்த நான்கும் சரியாகாமல் குதிரைவலு கூட்டினால், கூடிய வலு பின்சில்லைச் சுழற்றிப் புகையாகத்தான் போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இங்கே வைத்திருக்க வசதியானது சுசூகி 660 சிசி டேர்போ கே6ஏ எஞ்சின் பூட்டிய வகை. கேட்டர்ஹாம் 160இல் இருப்பது அதே எஞ்சின்தான், 170இல் இருப்பது அதற்குப் பிந்திய ஆர்06ஏ. இரண்டிலும் பின் அச்சும் சுசூகியினுடையது. கே6ஏ எஞ்சின் பழைய வேகன்ஆரிலும் எவ்ரியிலும் ஜிம்னியிலும் இருப்பதால் பிளக், பம்ப், கஸ்கெற் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கு அடுத்து வந்த வேகன்ஆரில் இருப்பது ஆர்06ஏ. இரண்டும் 660 சிசி என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சின் குறியீட்டைச் சொல்லியே கேளுங்கள். அந்தக் கேட்டர்ஹாம்களின் ரயர் அளவு 155/65 ஆர்14. வேகன்ஆரின் அளவும் அதுவே.

பழைய வண்டியில் ஃபோர்ட் கென்ற் எஞ்சினும் ட்ரையம்ப் ஹெரல்ட் முன் அச்சுத் தாங்கியும் இருக்கலாம். அந்தத் தாங்கியின் கீழ்ப் பித்தளை மூட்டுக்குக் கிறீஸ் அடிக்கக்கூடாது. ஈபி90 கியர் ஒயில்தான் விட வேண்டும். கிறீஸ் உள்ளே இறுகிவிட்டால் மரைக்குள் ஒயில் போகாது, துரு ஏறும், ஒருநாள் வளைவில் தாங்கி முறிந்து சில்லு மடிந்துவிடும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று பிரித்தானிய வண்டிகளை இன்றும் ஓட வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்த வண்டிகளில் கை பழகிய மூத்த மெக்கானிக்மாருக்கு இந்த மாதிரி மூட்டுகளும் பின் அச்சும் காபறேற்றரும் புதிதல்ல. அவர்களிடம் கொண்டுபோவது நல்லது.

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு குறைவென்றாலும் விட்டுவிடுங்கள்.

உப்பும் கிணற்றுத் தண்ணீரும்

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதுபோலவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். படிந்தால் வெப்பம் வெளியேறாது. கூம்பு ஓட்டத்தில் எஞ்சின் சுழற்சி கூட, வண்டி வேகம் குறைவு. முன்மூக்கால் வரும் காத்து போதாது. அங்கேதான் வண்டி கொதிக்கும். கூலன்ற் பாதி, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக இறக்கி மாற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட நேர்ந்தால், வீடு வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

உப்பு இன்னும் பொல்லாதது. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பக்கத்தாலும் போய் வந்தால் அடிப்பக்கம் முழுக்க உப்புப் பிடித்திருக்கும். அலுமினியத் தகடும் இரும்புக் குழாயும் ஒட்டும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் ஒரு பற்றரிக்குள் நடப்பதே அங்கும் நடக்கிறது. அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரைகிறது, றிவெற் தளர்கிறது. றிவெற் தலையைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்திருந்தால் அதுதான் முதல் அறிகுறி. அந்த றிவெற்றைத் துளைத்து எடுத்து, குழாயைச் சுரண்டி, சிங்க் பிறைமர் பூசி, தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே பொலியூறத்தேன் சீலன்ற் வைத்து, பின்பக்கம் மூடிய வகை றிவெற் அடியுங்கள். துளை திறந்த சாதாரண றிவெற் நடுவால் தண்ணீரை உள்ளே விடும்.

கழுவுவதற்கு மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதுவே உத்தமம். சட்டகக் குழாய்களின் பெயின்ற் கீறல்களை வருடத்தில் ஒருமுறை, மாரிக்கு முன், படுத்துக்கிடந்து பாருங்கள். குழாயின் தடிப்பு 1.6 மி.மீ. மட்டுமே, துரு தின்னுவதற்கு அதிகம் இல்லை.

ரயரும் காத்தும்

ரயர்க் கடையில் கேட்காமலே 32 அடித்துவிடுவார்கள். 600 கிலோவை அந்தக் காத்தில் நிறுத்தினால் ரயரின் நடுப்பகுதி மட்டும் நிலத்தில் படும். வண்டி பிடிமானம் இல்லாமல் வழுக்கும். ஆளும் ஷொக்கையோ ஸ்பிறிங்கையோ குறை சொல்வார். குளிர்ந்த ரயரில் முன்னும் பின்னும் 20 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். தோள்ப்பக்கத்தில் வெண்கட்டியால் மூன்று கோடு போட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். கோடு ஓடுபரப்பின் விளிம்பு மட்டும் அழிந்திருந்தால் சரி. பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் 1 கூட்டுங்கள். விளிம்பே தொடாவிட்டால் 1 குறையுங்கள்.

10 பாகை வெப்பம் ஏற, 20இல் உள்ள ரயரில் கிட்டத்தட்ட 1 பி.எஸ்.ஐ. கூடும். காலை ஆறரைக்கு வைத்த காத்து, தார் கொதிக்கும் பத்து மணிக்கு அதே காத்தாக இராது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அளந்து இறக்குங்கள். கடைக் கேஜை நம்பவேண்டாம். 0 முதல் 60 வரை காட்டும் சிறிய வட்டக் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ரயர் பழையதாக இருந்தால் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத் திகதியைப் பாருங்கள்: முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். நம்மூர் வெயிலில் ஆறு வருடம் தாண்டிய ரப்பர், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், இறுகிவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

சில்லுக் கோணம்

கணினி மெசின் தேவையில்லை. தங்கூஸ் நூல், இரண்டு பிவிசி குழாய், மேசன்மாரின் தூக்குக்குண்டு, மில்லிமீற்றர் அடிமட்டம் போதும். இரண்டு குழாயிலும் ஒரே இடைவெளியில் வெட்டுப் போடுங்கள். ஒன்றை வண்டிக்கு முன்னும் மற்றதைப் பின்னும், அச்சின் உயரத்தில் நிறுத்தி, வெட்டுகளில் நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் அச்சு மையத்திலிருந்து இரு பக்க நூலுக்கும் தூரம் சமம். பின் அச்சுக்கும் அப்படியே. முன் பின் தடஅகலம் வேறுபட்டால் முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இராது, அது பிழையல்ல.

இனி றிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவுங்கள். கூம்பு ஓட்டத்துக்கு முன்சில்லு ஒவ்வொன்றும் 1 மி.மீ. வெளிப்பக்கம் பார்த்தால் வண்டி வளைவுக்குள் சட்டென்று திரும்பும். அதற்குமேல் போனால் கண்டி வீதியில் நேரே போகும்போது அலையும், ரயரின் உள்விளிம்பும் தேயும். றோட்டோட்டம்தான் அதிகமென்றால் நேராகவே விடுங்கள். ஸ்ரியரிங் தண்டை இரு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்ரியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

மேற்சாய்வுக்கு, அதாவது சில்லின் மேற்பக்கம் உள்ளே சாயும் அளவுக்கு, தூக்குக்குண்டை றிம்முக்கு முன்னே தொங்கவிடுங்கள். 14 அங்குல றிம்மின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 380 மி.மீ. மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 10 மி.மீ. உள்ளே இருந்தால் அது ஒன்றரைப் பாகை. முன்னுக்கு அது நல்ல தொடக்கம். பின்னுக்கு இரு சில்லையும் இணைக்கும் ஒற்றை அச்சு இருந்தால் மாற்ற எதுவும் இல்லை.

நான்கு மூலை எடை

இதைச் செய்யாத வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் திரும்பும். பிறேக் பிடிக்கும்போது ஒரு முன்சில்லு முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் ஒரு பக்கம் இருப்பதால் இந்த இலகு வண்டியில் வேறுபாடு பெரிது.

வெங்காயம், புகையிலை நிறுக்கும் 300 கிலோ மின்னணுத் தராசு ஒன்றைச் சந்தைப் பக்கம் ஒருநாள் வாடகைக்குக் கேளுங்கள். தராசின் உயரத்துக்குச் சரியாக மூன்று பலகைக் கட்டை செய்யுங்கள். ஒரு சில்லு தராசில், மூன்று கட்டையில். பிறகு தராசை மாற்றி மாற்றி நான்கையும் நிறுங்கள். நிலம் சமமா என்பதைத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ரியூப்பால் பாருங்கள். ஒரு மூலை 5 மி.மீ. பதிந்தாலே வாசிப்பு பொய்யாகும், மெல்லிய தகடு வைத்துச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் கீழே இரண்டு பொலித்தீன் தாள், நடுவே கிறீஸ். இல்லாவிட்டால் ரயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஸ்பிறிங்கைச் சரியாக இருக்க விடாது.

ரயர்க் காத்துச் சரி, பெற்றோல் அரைத்தாங்கி, முன் அன்ரிறோல் கம்பி (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு பக்கம் கழற்றியபடி, இருக்கையில் ஓட்டுநரோ அவரது எடைக்கு அரிசி மூட்டையோ. வண்டியை நான்கு மூலையிலும் அழுத்தி விட்டுவிட்டு வாசியுங்கள்.

ஓட்டுநரோடு 610 கிலோ வண்டி ஒன்றில் இப்படி வருகிறது என்று வைப்போம்: முன் இடது 138, முன் வலது 144, பின் இடது 150, பின் வலது 178. முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 316; மற்றக் குறுக்கு 294. இரண்டும் 305க்குக் கிட்ட வர வேண்டும். பாரமான குறுக்கின் இரண்டு ஸ்பிறிங் தட்டையும் கால் சுற்றுக் கீழே இறக்கி, இலேசான குறுக்கின் இரண்டையும் கால் சுற்று ஏற்றுங்கள். நான்கையும் சேர்த்துத் திருப்பினால் வண்டியின் உயரம் மாறாது. ஒன்றை மட்டும் திருப்புவோர் உயரத்தைக் கெடுத்துவிட்டு, பிறகு சில்லுக் கோணமும் மாறிப்போனதென்று தவிப்பார்கள். மேற்படி வண்டி 132, 150, 156, 172 என்று வந்தால் குறுக்குகள் 304, 306. அது போதும்.

முன்பின் பங்கும் இடவலப் பங்கும் ஸ்பிறிங்கால் மாறவே மாறாது. அதற்குப் பற்றரியையோ வேறு பாரத்தையோ இடம் மாற்ற வேண்டும். பற்றரியை ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோவது மலிவான, நல்ல வேலை. கடைசியில் அன்ரிறோல் கம்பியை வண்டி நிலத்தில் நிற்கும்போது, இழுவை இல்லாமல், நீளம் சரிசெய்து பூட்டுங்கள்.

பிறேக்கும் எஞ்சினும்

இந்த வண்டிகள் பலவற்றில் மிதியை இலேசாக்கும் பிறேக் சேர்வோ இல்லை. மிதி கடினமாக இருப்பது இயல்பு. பந்தயப் பட்டை வாங்காதீர்கள், அரை நிமிட ஓட்டத்தில் அது சூடேறிப் பிடிக்கும் முன் ஓட்டம் முடிந்துவிடும். சாதாரண நல்ல பட்டையைப் பூட்டி, மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு எட்டுத் தடவை அடுத்தடுத்துக் குறைத்து, நிறுத்தாமல் ஓடி ஆறவிடுங்கள். பிறேக் திரவம் டொட் 4. புதிதாக 230 பாகையில் கொதிப்பது, ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். கடற்கரைக் காத்தில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகமில்லை.

எஞ்சினுக்கு நல்ல ஒயில், சுத்தமான வடி, சரியான பிளக். டேர்போ வண்டிக்கு ஓட்ட நாளில் 95 ஒக்ரேன் விடுங்கள். வெக்கையில் தட்டல் சத்தம் வராது.

திடலும் ஓட்டமும்

பொது வீதி வேண்டவே வேண்டாம். மதில், மின்கம்பம், வடிகால் இல்லாத, தார் அல்லது கொங்கிறீற் போட்ட பெரிய வளவு. உரிமையாளரின் எழுத்து அனுமதி. பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்தல். காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள், போட்டியோட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. திடலில் சுண்ணாம்புக் குறுணி மணல்போல உருளும். ஓடுபாதை முழுவதையும் ஈர்க்கு விளக்குமாறால் கூட்டுங்கள். வளைந்து நெளியும் பகுதியில் கூம்புக்குக் கூம்பு 16 முதல் 18 மீற்றர். வேகம் இரண்டாம் கியரைத் தாண்டாதபடி பாதை போடுங்கள். ஒவ்வொரு கூம்பின் அடியையும் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டம் கீறுங்கள். வண்டி பட்டுக் கூம்பு கட்டத்துக்கு வெளியே போனால் 2 செக்கன் தண்டம். தலைக்கவசம், வண்டி உருண்டால் தலையைக் காக்கும் உருள்கம்பி, நான்குமுனைப் பட்டி, தீயணைப்புக் கலன் இல்லாமல் ஒருவரையும் விடாதீர்கள். பார்வையாளர் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக்கூடாது.

ஓடுமுன் பாதையை இரண்டு தடவை நடந்து பாருங்கள். கண் அடுத்த கூம்பில் அல்ல, அதற்கடுத்த கூம்பில். பிறேக்கை நேராக இருக்கும்போதே பிடித்து, திரும்பத் தொடங்கும்போது கொஞ்சம் பிடித்தபடி மெல்ல விடுங்கள். மூக்கு இலேசான வண்டிக்கு அந்தப் பாரம் தேவை. கூம்பைத் தாண்டுமுன்னரே ஸ்ரியரிங் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

மூக்கு வெளியே தள்ளினால் முன் காத்தை 1 குறையுங்கள், பிறகு முன் அன்ரிறோல் கம்பியை இளக்குங்கள். வால் சட்டென்று சுழன்றால் பின் காத்தைக் குறையுங்கள். முதலில் கால் அக்ஸிலேற்றரைத் திடீரென்று விடுகிறதா என்றும் பாருங்கள். உள்பக்கப் பின்சில்லு வீணாகச் சுழன்றால், பின் அன்ரிறோல் கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும், அதையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டாம். மூடியைத் திறந்து, விசிறி ஓட, இரண்டு நிமிடம் விடுங்கள். டேர்போ அச்சில் ஒயில் கருகாது. கைப்பிறேக்கைப் போடாமல் சில்லுக்குக் கட்டை வையுங்கள், சூட்டில் பட்டை தட்டோடு ஒட்டும். புறப்படுமுன் சில்லு நட்டுகளைக் கையேட்டிலுள்ள அளவுக்கு டோர்க் ஸ்பனரால் மறுபடி பாருங்கள், ஸ்பிறிங் தட்டுப் பூட்டு நட்டுகளையும் சேர்த்து.