ஆறாவது மாதத்துக்கும் ஆள் வேண்டும்

புற்றுநோயால் எனக்கு இடது மார்பகத்தை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. முதல் பத்து நாள் வீடு கொள்ளாத கூட்டம். சிகிச்சையெல்லாம் முடிந்து அவரவர் வேலைக்குத் திரும்பிய ஆறாவது மாதத்தில், ஒரு மதியம் துணி மடிக்கும்போது பழைய உள்ளாடை ஒன்று கையில் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாருக்குப் போன் செய்வது என்று தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் ஒரு தாளை எடுத்து, யார் எதற்கு, எந்த மாதத்தில் என்று எழுதுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவரிடம் அப்போதே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சம். அக்காதான் பிரித்துக் கொடுத்தாள். அறுவைக் காயத்திலிருந்து நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயில் சேரும் நீரை அளந்து குறிப்பதை அவளே எடுத்துக்கொண்டாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்குவதைப் பல மருத்துவர்கள் அளவாக வைத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளத் தம்பி கூட வந்தான். பயத்தில் பாதி காதில் ஏறாது. விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது நாத்தனார் பொறுப்பு. ஒரே கதையை இருபது பேருக்குச் சொல்கிற சோர்வு லேசானதல்ல.

ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்க்காதீர்கள். என் தோழி ஒருத்தி எந்த வேலைக்கும் ஓடி வருவாள். பயமாக இருக்கிறது என்றால் மட்டும், "அதையெல்லாம் நினைக்காதே, தைரியமா இரு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் வேலையைக் கொடுங்கள். அழுவதற்கு வேறு ஆளைத் தேடி, "யோசனை வேண்டாம், நான் சொல்றதைக் கேட்டா போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கணவர் விஷயம் தனி. கட்டுப் பிரித்த அன்று என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருவருப்பு என்று நானே முடிவு செய்து இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. கடைசியில் கேட்டேன். "தொட்டா வலிக்குமோன்னு பயந்தேன்" என்றார். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். முதலில் நீங்கள் தழும்பைப் பாருங்கள்; தனியாக முடியாவிட்டால் நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் உங்களுக்குத் தோன்றும் நாளில் அவருக்குக் காட்டி, எங்கே வலிக்கிறது, எங்கே மரத்திருக்கிறது என்று அவர் கையைப் பிடித்தே சொல்லுங்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு மேல்கையின் உட்புறம் மரத்துப்போவது சகஜம். எடுத்துவிட்ட மார்பு அரிப்பதுபோல, வலிப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. இதை யாரும் சொல்லாததால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணையாவது சந்தியுங்கள். 1952இல் மார்பகம் எடுக்கப்பட்ட டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், தன்னைப் போன்றவர்களைத் தேடிப்போய்ப் பேசித் தொடங்கியதுதான் 'ரீச் டு ரெக்கவரி' என்ற ஆதரவுத் திட்டம். இதே சிகிச்சை முடிந்து என்னைப் பார்க்க வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். என் கையும் அவ்வளவு உயரம் போகும் என்று அப்போதுதான் நம்பினேன். நோயாளிகள் கூடிப் பேசும் குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோய் பரவிய நிலையில் இருந்த 235 பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் அதிக மனவேதனையில் இருந்தவர்களுக்கு வேதனையும் வலியும் தணிந்தன. அதற்காகவே போகலாம்.

எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை உறவினர் தலையில் வைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர் மனநல மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்ஸிடின், ஃப்ளூவோக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். ஆறாவது மாதத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருக்கட்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய இரவுக்கு ஒரு பெயர். எனக்கு அந்த இரவுகளில் இன்றும் அக்காதான் போன் செய்கிறாள். பெரும்பாலும் அவள் வீட்டுக் கதைதான் பேசுவோம்.