காய்கறிச் செடிக்குத் தண்ணீர் விடுவது எப்படி?

செடி வாடினதும் குழாயைத் திறக்காதீர்கள். உச்சி வெயிலில் பூசணி, வெள்ளரி இலைகள் தொங்குவது இயல்புதான். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை ஆவியாக்குகிறது; சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். விடிந்த பிறகும் துவண்டு கிடந்தால் மண்ணைப் பாருங்கள்.

படி 1: விரலை இறக்குங்கள்
தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆள்காட்டி விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈர மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். பொடியாக உதிர்ந்தால் விடலாம். மேல்மண்ணின் நிறத்தை நம்பாதீர்கள், வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

படி 2: அளவு
வளர்ந்த செடிகளுக்கு வாரத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர். கடும் வெயிலில் கூடுதலாகத் தேவைப்படும். 1 மி.மீ. மழை சதுர மீட்டருக்கு 1 லிட்டர், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். களிமண்ணுக்கு இரண்டு தவணை போதும். மணற்பாங்கான மண்ணுக்கு மூன்று, நான்காகப் பிரியுங்கள்.

படி 3: காலையில், வேரடியில், மெதுவாக
தண்ணீர் தேங்கினால் நிறுத்தி, உள்ளே இறங்கியதும் தொடருங்கள். இலையில் ஊற்றாதீர்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சண நோய் வரும்.

படி 4: தோண்டிப் பாருங்கள்
புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். அரை மணி கழித்து, செடிகளுக்கு நடுவே களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். 6 அங்குலமாவது நனைந்திருக்க வேண்டும். மேலே ஓர் அங்குலம் கறுத்து, அதன் கீழே புழுதியாக இருந்தால், நீங்கள் விட்டது போதவில்லை. தினமும் இப்படி மேலாக நனைத்தால் வேர் கீழே இறங்காமல் மேலேயே பரவும். ஒரு நாள் தவறினாலும் செடி துவளும்.

விதைக்கும் நாற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மேல்மண் காயாதபடி பூவாளியால் மெல்லத் தூவுங்கள். தொட்டி என்றால் அடித்துளையில் வடியும்வரை விடுங்கள். ஊற்றியதும் வடிகிறதா? மண் காய்ந்து சுருங்கி, ஓரமாகவே நீர் ஓடுகிறது. தொட்டியை அரை மணி தண்ணீரில் வைத்து எடுங்கள்.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்தால் உடனே சுண்ணாம்பைத் தேட வேண்டாம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். மண்ணின் ஈரம் கூடிக் குறைவதால் அது காய்க்குப் போய்ச் சேராது. காய்ந்த மண்ணில் திடீரென நிறைய விட்டால் பழம் வெடிக்கும். மண் ஈரமாக இருந்தும் கீழிலைகள் மஞ்சளானால் வேருக்குக் காற்று போதாமல் இருக்கலாம். தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக, காய்ந்த இலையையோ வைக்கோலையோ 2 முதல் 3 அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். அதற்குப் பிறகும் மூடாக்கை விலக்கித்தான் விரலை இறக்க வேண்டும்.