நிட்டினால் கம்பியின் இரு குணங்கள், ஒரே எக்செல் தாளில்

நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் போன்ற வடிவ நினைவு உலோகக்கலவைகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இரண்டு குணங்களைத் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். கம்பியை நன்றாக இழுத்து விட்டாலும் தானாகப் பழைய நீளத்துக்குத் திரும்புவது மிகைமீள்தன்மை. இழுத்தபடியே நின்று, சூடாக்கிய பிறகு திரும்புவது வடிவ நினைவு. இவை இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. வெப்பநிலை என்ற ஒரு எண்ணை மாற்றினாலே போதும், ஒன்று மற்றொன்றாகிவிடும். நிரல் எதுவும் எழுதாமல் எக்செலிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில், உள்ளே நடப்பது என்ன? சூடாக இருக்கும் நிட்டினாலின் படிக அமைப்பு ஆஸ்டெனைட். குளிர்வித்தாலோ போதிய அளவு இழுத்தாலோ அது மார்டென்சைட்டாக மாறும். அணுக்கள் இடம்பெயர்ந்து அலைவதில்லை, வரிசை வரிசையாகச் சற்றே சரிகின்றன, அவ்வளவுதான். அதனால்தான் வந்த வழியே திரும்பிப் போக முடிகிறது. ஆகவே நாம் கண்காணிக்க வேண்டியது ஒரே எண்ணை: மார்டென்சைட்டின் பங்கு. அது 0 முதல் 1 வரை இருக்கும்.

இனி எண்கள். 1993இல் ஆய்வாளர் பிரின்சன் வெளியிட்ட ஒருபரிமாண மாதிரியில் உள்ளவற்றையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்டெனைட்டின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 67,000 மெகா பாஸ்கல், மார்டென்சைட்டுக்கு 26,300. முழுமையாக மாறினால் கிடைக்கும் கூடுதல் திரிபு (பழைய நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது) 0.067. குளிரும்போது மார்டென்சைட் தொடங்குவது 18.4 டிகிரி செல்சியஸில். சூடாகும்போது ஆஸ்டெனைட் தொடங்குவது 34.5இல், முடிவது 49இல். இவற்றைத் தாளின் மேற்பகுதியில் எழுதிவிட்டு, வெப்பநிலைக்கு ஒரு தனிக் கட்டம் ஒதுக்கி 60 என்று இடுங்கள்.

அடுத்து நான்கு எல்லைத் தகைவுகள். தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது செயல்படும் இழுவிசை. இழுக்கும்போது மார்டென்சைட்டாக மாறுவதும், தளர்த்தும்போது ஆஸ்டெனைட்டாகத் திரும்புவதும் தொடங்கி முடிவது இந்த எல்லைகளில்தான்:

இழுக்கும்போது தொடக்கம் = 100 + 8 × (வெப்பநிலை − 18.4)
இழுக்கும்போது முடிவு = 170 + 8 × (வெப்பநிலை − 18.4)
தளர்த்தும்போது தொடக்கம் = 13.8 × (வெப்பநிலை − 34.5)
தளர்த்தும்போது முடிவு = 13.8 × (வெப்பநிலை − 49)

60 டிகிரியில் இவை 432.8, 502.8, 351.9, 151.8 மெகா பாஸ்கல் என்று வர வேண்டும். வராவிட்டால் இங்கேயே நின்று சரிபாருங்கள்.

சரி, இப்போது அட்டவணை. முதல் நெடுவரிசையில் தகைவை 0இலிருந்து 600 வரை 5, 5ஆக ஏற்றி, அப்புறம் அதே போல 0 வரை இறக்குங்கள். திரிபை ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு வரியிலும் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டியிருக்கும். தகைவைக் கொடுத்தால் திரிபு நேரடியாக வந்துவிடும். தொடங்குபவர்களுக்கு இந்த வழிதான் நல்லது.

இரண்டாவது நெடுவரிசை மார்டென்சைட் பங்கு. மாதிரியின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஏறும்போது, தொடக்கத் தகைவுக்குக் கீழே 0, முடிவுக்கு மேலே 1. இடையில்:

பங்கு = 0.5 × (1 + கோசைன்(பை × (முடிவு − தகைவு) ÷ (முடிவு − தொடக்கம்)))

இறங்கும் வரிகளில் தளர்த்தலுக்கான எல்லைகளைப் பயன்படுத்த வேண்டும். தொடக்கத்துக்கு மேலே 1, முடிவுக்குக் கீழே 0. இடையில்:

பங்கு = 0.5 × (1 + கோசைன்(பை × (தொடக்கம் − தகைவு) ÷ (தொடக்கம் − முடிவு)))

கோசைனுக்குள் இருப்பது ரேடியன், டிகிரி அல்ல.

மூன்றாவது நெடுவரிசை அந்தந்த வரியின் யங் குணகம்: 67,000 − 40,700 × பங்கு. நான்காவது திரிபு: தகைவு ÷ குணகம் + 0.067 × பங்கு. 502.8 மெகா பாஸ்கலில் திரிபு ஏறத்தாழ 8.6 சதவீதம் வந்தால் எல்லாம் சரி.

திரிபைக் கிடைமட்டத்திலும் தகைவைச் செங்குத்திலும் வைத்து வரைபடம் போடுங்கள். ஏறிய வழியும் இறங்கிய வழியும் வேறாக, கொடிச்சீலை போன்ற ஒரு வளையம் கிடைக்கும். அதன் பரப்புதான் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமாக வெளியேறும் ஆற்றல். அதிர்வை விழுங்கும் இந்தக் குணத்தை நம்பித்தான், 1997 நிலநடுக்கத்தில் சேதமடைந்த இத்தாலியின் அசிசி புனித பிரான்சிஸ் பேராலயத்தைச் சீரமைத்தபோது இத்தகைய உலோகக்கலவைக் கருவிகளைப் பொருத்தினார்கள்.

இனி வெப்பநிலைக் கட்டத்தில் 60ஐ அழித்து 40 என்று எழுதுங்கள். வளையம் கீழே இறங்கும், கூடவே மூட மறுக்கும். தளர்த்தலின் முடிவுத் தகைவு −124.2 ஆகிவிட்டது, நாமோ 0 உடன் நிறுத்திவிடுகிறோம். பங்கு சுமார் 0.69இல் நின்றுபோக, கம்பியில் 4.6 சதவீதத் திரிபு தங்கிவிடுகிறது. தாளின் கடைசி வரிக்குக் கீழே சில வரிகள் சேர்த்து, தகைவை 0 என்றே வைத்துக்கொண்டு, வெப்பநிலையை மட்டும் 40இலிருந்து 49 வரை ஏற்றி, தளர்த்தும் சூத்திரத்தையே போடுங்கள். அந்த வரிகளில் இரு எல்லைகளையும் அந்தந்த வரியின் வெப்பநிலையிலிருந்து கணக்கிட வேண்டும். திரிபு படிப்படியாகக் குறைந்து 49இல் பூச்சியமாகும். வடிவ நினைவு வந்துவிட்டது, ஒரு சூத்திரம்கூட மாறவில்லை!

இந்தத் தாள் மெதுவான இழுப்புக்கு மட்டுமே பொருந்தும். வேகமாக இழுத்தால் மாற்றத்தின்போது வெளிப்படும் வெப்பம் கம்பியையே சூடாக்கி, வளையத்தை மேலே தள்ளும். வெப்பநிலையை 18.4க்குக் கீழே கொண்டுபோகவும் வேண்டாம். அங்கே குளிரால் உண்டான மார்டென்சைட்டையும் தகைவால் உண்டானதையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு நெடுவரிசை தேவைப்படும். அந்தப் பிரிவினையைச் செய்ததுதான் பிரின்சன் மாதிரியின் முக்கியப் பங்களிப்பு.