ஸ்ட்ரீட்காரில் இருந்து இறங்கும்போது அடிபட்டால்: ரொறன்ரோவில் பலர் செய்யும் தவறுகள்

குயின், டன்டாஸ், கொலிஜ் வீதிகளில் ஸ்ட்ரீட்கார், அதாவது தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டி, ஓடுவது வீதியின் நடுவில். கதவு திறந்ததும் காலை வைப்பது நடைபாதையில் இல்லை, கார்கள் ஓடும் பாதையில். அந்தப் பாதையைக் கடந்தால்தான் நடைபாதை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் இறங்கினார். ஒரு கையில் மரக்கறிப் பை, மற்றக் கை கதவுக் கம்பியில். வலது கால் தரையில் பட்ட நேரம் பின்னால் வந்த காரின் கண்ணாடி முழங்கையில் தட்டியது. முழங்கால் அடிபட விழுந்தார். கார்க்காரர் இறங்கி வந்து விசாரித்தார். அக்கா கோட்டைத் தட்டிக்கொண்டே "ஐ ஆம் ஓகே, ஐ ஆம் ஓகே" என்றார். அவரும் போய்விட்டார். மறுநாள் காலை அக்காவால் வீட்டுப் படியில் இறங்க முடியவில்லை.

"நான்தான் பார்த்து இறங்கியிருக்க வேணும்" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். "ரிக்கெற் எடுத்துத்தானே போனனீங்கள், ரிரிசிதான் காசு தரவேணும்" என்றது வீடு. (ரிரிசி என்றால் ஸ்ட்ரீட்காரை ஓட்டும் நிறுவனமான ரொறன்ரோ போக்குவரத்து ஆணையம்.) இரண்டுமே சரியில்லை.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 166 தெளிவாகச் சொல்கிறது: ஆட்களை ஏற்றி இறக்க ஸ்ட்ரீட்கார் நிற்கும்போது, பின்னால் வரும் வாகனம் கதவுக்கு 2 மீற்றர் பின்னாலேயே நிற்க வேண்டும். இறங்கியவர்கள் வீதியோரத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை முந்தக் கூடாது. பாதுகாப்பு வலயமாக ஒதுக்கிய தரிப்பிடங்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. ஆக, அக்காவின் விடயத்தில் முதல் பொறுப்பு அந்தக் கார்க்காரருடையது. ஸ்ட்ரீட்கார் சரியான தரிப்பில் ஒழுங்காக நின்றிருந்தால், போக்குவரத்து நிறுவனத்தின் மேல் பழி போடுவது கடினம்.

ஸ்ட்ரீட்காரே காரணம் என்றால் கதை வேறு. நீங்கள் இறங்கி முடியுமுன் வண்டி நகர்ந்தது, கதவு உங்கள் மேல் மூடியது, எழுந்து கதவருகே வரும்போது சடாரென்று பிறேக் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோ போக்குவரத்து ஆணையத்துக்கு எதிரான ஒரு வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1940இல் சொன்னது இன்றும் அடிப்படை. பயணிக்கு என்ன நடந்தாலும் காசு கொடுக்க நிறுவனம் காப்புறுதிக் கம்பனி அல்ல. ஆனால் பயணி காயப்பட்டுவிட்டால், தகுந்த கவனம் எல்லாம் எடுத்தோம் என்று காட்டும் பாரம் நிறுவனத்தின் தலையில். எதிர்பார்க்கப்படும் கவனமும் சாதாரணமானது அல்ல, மிக உயர்ந்தது. இதைத் தெரியாமல் "சாரதி வேணுமென்றா செய்தவர்" என்று எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். வேண்டுமென்று செய்தாரா என்பது கேள்வியே இல்லை.

கையில் போனைப் பார்த்துக்கொண்டு இறங்கினேனே, என்மேலும் பிழை இருக்குமே என்று பயந்து பேசாமல் இருப்பதும் தவறு. உங்கள் பக்கம் பிழை இருந்தால் அந்தப் பங்கு இழப்பீட்டில் கழியும். முழு உரிமையும் போய்விடாது.

அடுத்தது, காப்புறுதி. இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். தண்டவாளத்தில் மட்டும் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஒன்ராறியோச் சட்டத்தில் மோட்டார் வாகனமே அல்ல. அதனால் கார் விபத்தில், பிழை யாருடையது என்று பாராமல் கிடைக்கும் மருத்துவச் செலவு போன்ற உதவிகள், ஸ்ட்ரீட்காருக்குள் தனியே விழுந்தவருக்குக் கிடைப்பதில்லை. பஸ்ஸிலும் 2011இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பஸ் எதிலும் மோதாவிட்டால் அந்த உதவிகள் இல்லை. அப்போது இருக்கும் வழி, நிறுவனத்தின் கவனக்குறைவை வைத்து வழக்குப் போடுவது.

ஆனால் இறங்கும்போது ஒரு கார் தட்டியிருந்தால் அந்த உதவிகள் உண்டு. "எங்களிட்டைக் காரே இல்லையே" என்று நினைக்க வேண்டாம். கணவன் அல்லது மனைவியின் கார்க் காப்புறுதி உங்களையும் சேர்க்கும். பிள்ளையின் பராமரிப்பில் தங்கி வாழும் பெற்றோருக்குப் பிள்ளையின் காப்புறுதி உதவலாம். யாரிடமும் இல்லாவிட்டால் தட்டிய காரின் காப்புறுதி. கார்க்காரர் ஓடிவிட்டாலும் வழிகள் உண்டு, ஆனால் 24 மணி நேரத்துக்குள் பொலிஸில் சொல்லிவிடுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க 7 நாட்கள், படிவம் கைக்கு வந்தபின் நிரப்பி அனுப்ப 30 நாட்கள்.

குளிர்காலத்தில் இன்னொன்று. ஸ்ட்ரீட்காரில் இருந்து நல்லபடி இறங்கி, நடைபாதைப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தால், அது மாநகரத்தின் விடயம். 10 நாட்களுக்குள் மாநகரக் கிளார்க்குக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பனிக்கட்டிக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பாரிய கவனக்குறைவைக் காட்ட வேண்டும். வழக்குக்கு 2 வருடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆறுதலாக இருந்தவர்கள் இந்த 10 நாளில்தான் மாட்டுகிறார்கள்.

அப்புறம் ஆதாரம். வண்டியின் நாலு இலக்க எண்ணைப் போனில் படம் எடுங்கள். எந்த வண்டி என்று தெரிந்தால்தான் கமராப் பதிவைத் தேடலாம். அந்தப் பதிவை நிறுவனம் நீண்ட காலம் வைத்திருப்பதில்லை, எனவே அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். பயணக் கட்டணம் செலுத்தும் பிரெஸ்ரோ அட்டையின் பயணப் பதிவு, நீங்கள் அந்த நேரத்தில் பயணி என்பதற்குச் சாட்சி. பக்கத்தில் நின்ற ஒருவரின் தொலைபேசி எண்ணும் வாங்கிவிடுங்கள்.

வைத்தியரிடம் சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். "விழுந்திட்டன்" என்று மட்டும் சொன்னால் அவர் அதைத்தான் எழுதுவார். ஆறு மாதம் கழித்து மற்றத் தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியை எடுத்து வைத்து, வீட்டில் விழுந்திருக்கலாமே என்பார். எங்கே, எந்த வண்டியில் இருந்து இறங்கும்போது, எது தட்டியது என்று முழுதாகச் சொல்லுங்கள். அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகள் சுருக்காமல் சொல்ல வேண்டும்.

வலி முழுதாகத் தெரியுமுன்னர் யாராவது சிறு தொகையோடு ஒரு தாளை நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், முதல் சந்திப்புக்குப் பலர் காசு வாங்குவதில்லை.

அந்த அக்காவுக்காக மகன் ஆறாம் நாள் அப்பாவின் காப்புறுதிக் கம்பனிக்குப் போன் பண்ணினார். பிசியோதெரபிச் செலவு அதில் வந்தது. ஆனால் கார் இலக்கமும் இல்லை, பொலிஸ் முறைப்பாடும் இல்லை. பட்ட வலிக்கும் போன வேலை நாட்களுக்கும் அந்தக் கார்க்காரரிடம் கேட்க வழியே இல்லாமல் போனது.