பத்து மணி வெயில்: உறைபனியில் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் ஒன்றும்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கணவர் இரவு ஒரு மணிக்கு வண்டியை எடுப்பார். கழுவி மூட்டை கட்டிய கேரட்டை விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும். உதகையிலிருந்து குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவர் திரும்பி வரக் காலை பத்து மணி ஆகிவிடும். அந்த ஒன்பது மணி நேரமும் வீட்டில் நான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டரை வயது மகன், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. வெளியே உறைபனி.

சென்ற குளிர்காலம் எனக்கு இப்படித்தான் போனது. மாசியில் பிறந்த கடைக்குட்டி இப்போது தவழ்கிறாள். எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம்; அவளுக்கும் இடுப்பில் ஒரு பிள்ளை. "அக்கா, போன வருடம் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டாள். வாசற்படியில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தை மறந்துவிட்டு வெயிலைப் பாருங்கள். உறைபனி விழும் இரவுகளில் வானத்தில் ஒரு மேகமும் இருக்காது. மண்ணின் சூடெல்லாம் தடையில்லாமல் மேலே போய்விடுவதால்தான் புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளை படிகிறது. அதே தெளிந்த வானம்தான் பகலில் நல்ல வெயிலையும் தருகிறது. காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை, ஐந்து மணி நேரம். குளியல், துவையல், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும். நான் ஆறு மணிக்கு எழுந்து பனித் தண்ணீரில் கைவைத்து எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்த இரண்டு வாரங்களில் கிடைத்தது கால் பிடிப்பும் இருமலும்தான்.

பள்ளி நாட்களில் மகளைக் காலையில் குளிப்பாட்டுவதை நிறுத்தினேன். முகம், கழுத்து, கை, கால்களை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பிவிடுவேன். முழுக் குளியல் சனி, ஞாயிறு நண்பகலில். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. குளிக்காத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று வருத்தப்பட்டார். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றேன். மகளின் மூக்கொழுகல் குறைந்ததைக் கண்டதும் அவரே துணியை நனைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

காலை உணவுக்காக அரசுப் பள்ளிக்கு நான் மனதார நன்றி சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே சூடாகக் கிடைக்கிறது. மகள் அங்கே சாப்பிட்டதால் எனக்குக் காலையில் ஒரு அடுப்பு வேலை மிச்சம். "வீட்டுச் சாப்பாடு போல வருமா" என்று தயங்காதீர்கள். வயிறு தள்ளியிருக்கும் நாளில் மிச்சமாகும் அரை மணி நேரம் பெரிய விஷயம்.

உடுப்பைப் பற்றி ஒன்று மட்டும். கனமான ஸ்வெட்டர் ஒன்றைவிட, உள்ளே மெல்லிய பருத்தி பனியன், மேலே சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா என்று அடுக்குவதே நல்லது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பிள்ளைகள் ஓடி வியர்ப்பார்கள். நனைந்த பனியன் முதுகிலேயே கிடந்தால் நான்கு மணிக்கு நிழல் விழும்போது அந்த ஈரம் குளிர்ந்துவிடும். மூன்று மணிக்குப் பிள்ளையின் முதுகுக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது தூக்குவது. மகன் அப்போது பன்னிரண்டு கிலோ. குளிரில் பிள்ளைகள் இன்னும் ஒட்டிக்கொள்வார்கள். ஒரு நாளில் இருபது முறை "அம்மா தூக்கு" என்பான். கூடாது என்று சொன்னால் அழுவான். தூக்கினால் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். என் கணவர் பழைய காய்கறிப் பெட்டியின் பலகைகளை அறுத்து ஒரு முக்காலி செய்து கொடுத்தார். அகலமான கால்கள், ஒரு சாண் உயரம், விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன். அவன் முக்காலியை இழுத்து வந்து, அதில் ஏறி, அங்கிருந்து என் பக்கத்தில் ஏறிக்கொள்வான். முதல் நான்கு நாள் அழுகை. ஐந்தாம் நாள் தானே இழுத்து வந்தான். அவன் கேட்டது என் உடம்பின் சூட்டை. அது எந்த வழியில் கிடைத்தாலும் அவனுக்குப் போதுமாக இருந்தது. இந்தப் பழக்கத்தை ஆறாம் மாதத்திலேயே தொடங்குங்கள். குழந்தை பிறந்த பிறகு தொடங்கினால், தங்கை வந்ததால்தான் அம்மா தூக்குவதில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியம். கரி அடுப்பு.

மார்கழியில் ஒரு நாள் இரவு, அத்தை எங்கள் மேல் உள்ள பாசத்தால், இரும்புச் சட்டியில் கனன்ற கரியை அள்ளி நாங்கள் படுக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அறை இதமாக இருந்தது. பிள்ளைகள் உடனே தூங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றிப் பொட்டில் விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல். கர்ப்பத்தில் குமட்டல் புதிதல்ல என்று புரண்டு படுத்தேன். அப்போது மகள் தூக்கத்தில் "தலை வலிக்குது அம்மா" என்று முனகினாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தலை வலிக்கும் என்று தோன்றியதும் எழுந்து கதவையும் ஜன்னலையும் திறந்தேன். பிள்ளைகளை எழுப்பிக் கூடத்துக்கு நடத்திச் சென்றேன். கணவர் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தார். விடிந்ததும் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டோம். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் வரை எனக்கு உயிர் வரவில்லை.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தம் அதைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. தாய் தலைவலியோடு தப்பிக்கும் அளவே குழந்தைக்கு ஆபத்தாகலாம். மலைப்பகுதிகளில் கரி மூட்டி மூடிய அறையில் தூங்கியவர்கள் விடிந்து எழவில்லை என்ற செய்தியைக் குளிர்காலத்தில் நாமே படித்திருக்கிறோம். ஆகவே கரியோ விறகோ எதுவும் படுக்கை அறைக்குள் வரக்கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். பெரியவர்களிடம் கோபப்படவும் வேண்டாம். அத்தையிடம் நான் காரணத்தை விளக்கியபோது அவர் கண் கலங்கிவிட்டார். அவர் காலத்து வீடுகளில் ஓட்டு இடுக்கெல்லாம் காற்று வரும், இன்றைய கான்கிரீட் அறை அப்படி இல்லை.

அதற்குப் பதில் நாங்கள் செய்தது எளிது. இரவு எட்டு மணிக்கு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் போர்வைக்குள் வைப்பேன். அரை மணியில் படுக்கை சூடேறிவிடும். பிள்ளைகள் படுக்கும் முன் பையை எடுத்துவிடுவேன். மூவரும் ஒரே படுக்கை. நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்வேன், தூக்கத்தில் அவன் உதைப்பான். தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பியைப் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் தொடுவதே இல்லை.

கணவர் ஒரு மணிக்குக் கிளம்பும் முன் மூன்று காரியம் முடித்துவிட்டுப் போவார். ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் என் தலைமாட்டில். வாசற்படியில் அடுப்புச் சாம்பல். இரவில் சிந்திய தண்ணீர் படியில் உறைந்தால் காலில் பிடிமானம் இருக்காது, சாம்பல் இருந்தால் வழுக்காது. மூன்றாவது, என் கைபேசி சார்ஜில்.

அந்த ஃபிளாஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரில் தாகம் தெரியாது. கழிப்பறை வெளியே இருந்தால், இருட்டில் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவோம். எனக்கு எட்டாம் மாதத் தொடக்கத்தில் சிறுநீர்த் தொற்று வந்தது இப்படித்தான். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கைப் பகலில் இரண்டு முறை காலி செய்வது என்று கணக்கு வைத்தேன். மாலை ஆறுக்குப் பிறகு குறைத்துக்கொண்டேன். எரிச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

நம் ஊரில் தேநீர் இல்லாமல் குளிர்காலம் இல்லை. குடியுங்கள், ஆனால் அளவாக. இரும்புச் சத்து மாத்திரையோடு வேண்டாம். தேநீரும் பாலும் இரும்பை உடம்பில் சேரவிடாது. நான் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டு, மூன்றரை மணிக்குத்தான் தேநீர் குடித்தேன். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் காலையிலும் இரவிலும் போட்டேன்.

பிள்ளைகளுக்குச் சளி வராமல் இந்தக் குளிர்காலம் போகாது. வந்தால் உங்களுக்கும் வரும். ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கேட்காமல் விழுங்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கற்பூரவள்ளிச் சாறும் தேனும் தொண்டைக்கு இதம்தான், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் சின்னப் பிள்ளையை ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். வயிறு இடிக்கும் நாளில் அந்தப் பாத்திரத்தைத் தட்டிவிட ஒரு நொடி போதும்.

நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஆர்டர் குவியும் காலம் இது. கார்த்திகை தீபத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. வருமானம் குறைந்தது, ஆனால் கால் வீக்கத்தோடு மிதி இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தால் அதைவிட அதிகம் செலவாகியிருக்கும். வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்கள் புரிந்துகொள்கிறார்கள், இருவர் எனக்கு அவரைக்காய்க் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார்கள்.

பொங்கலன்று விடியற்காலையில் முற்றத்தில் உட்காரவில்லை. பஞ்சாங்கத்தில் இருந்த இரண்டாவது நல்ல நேரத்தைப் பார்த்து, வெயில் வந்த பிறகு பானை வைத்தோம். கோலம் மகள் போட்டாள். கோணலாக இருந்தது, அழகாகவும் இருந்தது.

பிரசவ ஏற்பாட்டை ஒன்பதாம் மாதத்துக்கு விட்டுவைக்காதீர்கள். மூன்றாவது பிரசவம் சீக்கிரம் ஆகிவிடலாம். தை பிறந்ததும் கணவர் மேட்டுப்பாளையம் ஓட்டத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பகலில் உள்ளூர் லோடு எடுத்தார். 108 எண்ணோடு, பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரின் எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டினோம். பையில் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) எழுதிய தாள், ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல், பருத்தித் துண்டுகள், குழந்தைக்கு மூன்று குல்லா, எனக்கு இரண்டு ஜோடி காலுறை. பிக்மி எண்ணை விட்டுவிடாதீர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், பார்வை மங்கும் தலைவலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எது தெரிந்தாலும் வெயிலுக்குக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

பிறந்த குழந்தையை முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம் என்று செவிலியரிடம் நீங்களும் உறுதியாகச் சொல்லுங்கள். குல்லா போட்டு, உங்கள் மார்போடு தோல் படும்படி அணைத்து, அதன்மேல் போர்வை. அந்தச் சூட்டுக்கு ஈடு எந்த ஸ்வெட்டரும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது மணி பதினொன்று, நல்ல வெயில். கட்டிலில் சாய்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தேன். மகன் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கூடத்துக்குப் போய் முக்காலியை இழுத்து வந்து, கட்டிலோடு ஒட்டிப் போட்டு, ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையின் குல்லாவைத் தொட்டுப் பார்த்தான்.

அந்த முக்காலி இன்னும் எங்களுக்குத் தேவைப்படுகிறது. அளவு வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள். பலகை அவரிடம் மிச்சம் இருக்கிறது.